டேவ் கேலஹர்: ஏமாற்றுக்காரர் என்ற பழியும் பழிவாங்கப் போனவர் என்ற கதையும்

நியூசிலாந்து ரக்பி அணியை 1905-ஆம் ஆண்டில் பிரிட்டனுக்கு அழைத்துச் சென்ற டேவ் கேலஹரைப் பற்றி இரண்டு செய்திகளைக் குறிப்பிட்டு, அவை உண்மைதானா என்று கேட்டிருந்தீர்கள். அவர் விதியை வளைத்து ஆடியவர், அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை ஏமாற்றுக்காரர் என்றே தூற்றின என்பது ஒன்று. தம்பி போரில் மாண்டதற்குப் பழிவாங்கவே நாற்பது வயதைக் கடந்த பிறகும் படையில் சேர்ந்து உயிர்விட்டார் என்பது மற்றொன்று. இரண்டும் பரவலாகச் சொல்லப்படுபவைதாம். முதலாவது அநியாயமான குற்றச்சாட்டு; இரண்டாவது நாள்கணக்கோடு பொருந்தாத கதை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க, அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கேலஹர் பிறவியால் அயர்லாந்துக்காரர். டோனிகால் மாவட்டத்தில் ரமெல்டன் என்னும் சிற்றூரில் 1873 அக்டோபர் 30 அன்று, ஒரு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாக இருக்கும்போது, 1878-இல், குடும்பம் ‘லேடி ஜோசலின்’ என்ற கப்பலேறி நியூசிலாந்தின் கட்டிகட்டி என்ற புதுக் குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜார்ஜ் வெசி ஸ்டூவர்ட் என்பவர் அயர்லாந்திலிருந்து ஆள் திரட்டி அமைத்த குடியேற்றம் அது. வளமான வாழ்வு என்று சொல்லப்பட்ட இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கடும் உழைப்பும் பற்றாக்குறையும்தான். குடும்பப் பெயரின் எழுத்தும் உச்சரிப்பும் அயலாரைக் குழப்பியதால், நடுவிலிருந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதத் தொடங்கினார்கள். தந்தை மூப்பாலும் நோயாலும் தளர்ந்துவிட, தாய் மரியா உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியையாகி, வாரத்துக்கு 2 பவுண்டு சம்பளத்தில் அத்தனை பிள்ளைகளையும் வளர்த்தார். அந்தத் தாயும் 1887-இல் புற்றுநோயால் இறந்துபோனார். பதின்மூன்று வயது டேவ் பள்ளியை விட்டு, கால்நடை முகவர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

பின்னர் ஆக்லாந்து நகரத்துக்கு வந்து, ஆட்டு மாட்டு இறைச்சியைக் குளிரூட்டிக் கப்பலேற்றும் நிறுவனத்தில் கூலியாளாகச் சேர்ந்தவர், வருடங்கள் செல்ல அங்கேயே மேற்பார்வையாளராக உயர்ந்தார். உரித்த ஆடுமாடுகளைத் தூக்கிச் சுமக்கும் வேலைதான் அவருடைய தோளையும் முதுகையும் உருவாக்கியது. 1895-இல் பொன்சன்பி கழகத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டே ஆக்லாந்து மாகாண அணியில் இடம்பெற்றார். ஆறடி உயரம், முதலில் ‘ஸ்க்ரம்’ என்னும் முட்டித் தள்ளும் அமைப்பின் முன்வரிசையில் நின்று பந்தைக் காலால் இழுக்கும் ‘ஹூக்கர்’ இடத்தில் ஆடியவர், பிறகுதான் ‘விங் ஃபார்வர்டு’ இடத்துக்கு மாறினார்; அது எத்தகைய இடம் என்பதைப் பின்னால் விளக்குகிறேன். முழங்காலுக்குக் கீழே காப்புக் கட்டிக்கொண்டு ஆடுவது அவருடைய வழக்கம். பழைய புகைப்படங்களில் அவரை அடையாளம் காண அது உதவும்.

ரக்பி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், 1901 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவில் போயர்களுக்கு எதிரான போருக்குச் செல்லும் நியூசிலாந்துக் குதிரைப்படையில் சேர்ந்தார். சேரும்போது தம் பிறந்த ஆண்டை 1876 என்று, மூன்று ஆண்டுகள் குறைத்துச் சொன்னார். இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வரும். போரில் படிப்படியாக உயர்ந்து, ஒரு படைப்பிரிவின் சார்ஜண்ட் மேஜராக இருந்து, 1902-இல் திரும்பினார். வந்தவர் அடுத்த ஆண்டே நாட்டின் அணிக்குத் தேர்வானார். 1903 ஆகஸ்ட் 15 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவை 22–3 என்று வென்ற ஆட்டம்தான் நியூசிலாந்து ஆடிய முதல் டெஸ்ட், அதாவது இரு நாட்டு அணிகள் மோதும் சர்வதேச ஆட்டம். அதில் அவர் ஆடினார். ஏறத்தாழ முப்பது வயதில் ஒரு முன்வரிசை ஆட்டக்காரரின் சர்வதேச வாழ்க்கை தொடங்குவது அன்றைக்கும் அரிது.

இனி 1905-க்கு வருகிறேன். மக்கள்தொகை பத்து லட்சத்தைக்கூட எட்டாத ஒரு குடியேற்ற நாடு, ரக்பி பிறந்த மண்ணுக்கே போய் ஆடுவதென்று 27 ஆட்டக்காரர்களை அனுப்பியது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது; கைச்செலவுக்கு நாளொன்றுக்கு 3 ஷில்லிங் மட்டும். கேலஹரைத் தலைவராகவும், பில்லி ஸ்டெட்டைத் துணைத்தலைவராகவும் நியூசிலாந்து ரக்பி யூனியனே நியமித்திருந்தது. ‘ரிமுடகா’ கப்பல் புறப்பட்ட சில நாட்களிலேயே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. ஆக்லாந்துக்காரர்களுக்குச் சலுகை காட்டப்பட்டதாகத் தெற்கு மாகாணத்தவர் சிலர் நினைத்தார்கள். தலைவரை ஆட்டக்காரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சிலர் கருதினார்கள்.

இதைக் கேள்விப்பட்ட கேலஹர், அதிகாரத்தைக் காட்டி அடக்கப் பார்க்கவில்லை. அணியின் முன் எழுந்து நின்று பதவி விலகுவதாகச் சொன்னார்; ஸ்டெட்டும் அவரோடு விலகினார். மேலாளர் ஜார்ஜ் டிக்சன் அந்த விலகலை ஏற்க மறுத்தார். வாக்கெடுப்பு நடந்து, யூனியனின் நியமனம் 17–12 என்ற கணக்கில் உறுதியானது. தம்மை வேண்டாம் என்று பன்னிரண்டு பேர் வாக்களித்த ஒரு குழுவோடு அடுத்த ஆறேழு மாதங்கள் ஒரே கப்பலிலும் ஒரே விடுதியிலும் வாழ்ந்து, அவர்களையே வைத்துத்தான் அவர் வென்றார். இதை அந்தப் பயணத்தில் நடந்த எந்த ஆட்டத்தையும்விடப் பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன். கப்பல் தளத்திலேயே பயிற்சி தொடங்கியது. முன்வரிசைக்காரர்களைக் கேலஹரும் பின்வரிசைக்காரர்களை ஸ்டெட்டும் பயிற்றுவித்தார்கள். எதையும் விட்டுக்கொடுக்காதே, எந்த ஆட்டத்தையும் எளிதென்று எண்ணாதே என்பதே தலைவரின் நிலையான அறிவுரை.

1905 செப்டம்பர் 16 அன்று எக்ஸிட்டர் நகரில் டெவன் மாவட்ட அணியுடன் முதல் ஆட்டம். முடிவு 55–4. வலுவான மாவட்ட அணி ஒன்று இப்படித் தோற்றதை நம்ப முடியாமல், தந்தியில் பிழை இருக்கும் என்று நினைத்த பத்திரிகைகளும் உண்டு. அடுத்தடுத்து ஒவ்வோர் அணியும் வீழ்ந்தது. நியூசிலாந்து அணிக்கு ‘ஆல் பிளாக்ஸ்’ என்ற பெயர் ஊரெங்கும் பரவியதும் இந்தப் பயணத்தில்தான்.

தோற்றவர்கள் காரணம் தேடினார்கள். கண்ணில் பட்டவர் கேலஹர். அவர் ஆடிய இடம் பிரிட்டனில் யாரும் ஆடாத இடம் என்பதால், அதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

ஸ்க்ரம் என்பது, சிறு பிழைகளுக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்க இரு அணிகளின் முன்வரிசையினரும் குனிந்து, தோளோடு தோள் கோத்து, தலைகளை எதிரணியின் தலைகளுக்கு இடையே நுழைத்து முட்டித் தள்ளும் அமைப்பு. நடுவில் உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கும் அணிக்கே அடுத்த வாய்ப்பு. பிரிட்டனில் அப்போது எட்டுப் பேர் ஸ்க்ரம்மில் நிற்பார்கள். யார் எங்கே நிற்பது என்ற வரையறை கிடையாது, முதலில் ஓடி வந்தவர் முன்னால் குனிவார். நியூசிலாந்தோ ஏழு பேரைத்தான் நிறுத்தியது. முன்னால் இருவர், நடுவில் மூவர், பின்னால் இருவர். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒரு வேலை. முன்னால் நின்ற ஜார்ஜ் டைலர், ஸ்டீவ் கேசி இருவரும் எதிரணியின் மூன்று தலைகளுக்கு இடையே இருந்த இரண்டு சந்துகளில் ஆப்புப் போல இறங்குவார்கள். நடுவரிசையின் மூவர் தரும் உந்துதல் முழுவதும் அந்த இரு முதுகுகளில் குவியும். பந்து விரைவாக வெளியே வந்துவிடும்.

மீந்த எட்டாவது ஆள்தான் விங் ஃபார்வர்டு, அதாவது கேலஹர். ஸ்க்ரம்முக்குள் பந்தை இடுபவர் அவர். பிரிட்டனில் பந்தை இடும் ‘ஹாஃப் பேக்’, அதாவது ஸ்க்ரம்மிலிருந்து வரும் பந்தை எடுத்துப் பின்வரிசைக்குக் கடத்துபவர், உடனே ஓடிப்போய் தம் அணியின் பின்னால் நின்றுகொள்வார். கேலஹர் ஓடமாட்டார், பந்தை விட்ட இடத்திலேயே, ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் ஒட்டி நிற்பார். பின்னால் ஃபிரெட் ராபர்ட்ஸ் பந்துக்குக் காத்திருப்பார். ராபர்ட்ஸ்மீது பாய வரும் எதிரணி ஹாஃப் பேக், நடுவே நிற்கும் ஆறடி மனிதரைச் சுற்றிக்கொண்டுதான் வர முடியும். அந்த ஓரிரு நொடிகளில் பந்து கைமாறிவிடும்.

இது தடுப்பது ஆகாதா, பந்துக்கு முன்னால் நிற்கும் ஆஃப்சைடு ஆகாதா என்பதே பிரிட்டிஷ் விமர்சகர்களின் கேள்வி. கேள்வி நியாயமானதுதான், விதியின் எல்லையை ஒட்டி நின்ற ஆட்டமுறை அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதியை வகுத்தவர்கள் அந்த இடத்தைத் தடை செய்திருக்கவில்லை. சில நடுவர்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தண்டித்தார்கள். வேறு சிலர் முழு ஆட்டத்திலும் குறை காணவில்லை. அதைச் சுட்டிக்காட்டித்தான் கேலஹரும் தம் தரப்பைச் சொன்னார்: தம் ஆட்டம் நேர்மையானது என்றே நம்புவதாகவும், தகுதிமிக்க நடுவர்கள் அதில் தவறு காணாததற்கு ஏதாவது மதிப்பு இருக்க வேண்டும் என்றும். அந்த முறை கேலஹர் ஒளித்துக் கொண்டுவந்த தந்திரமும் அல்ல. நியூசிலாந்தில் அவருக்கு முன்பே ஊரறிய ஆடப்பட்டு வந்தது. ஒரு நாட்டின் பொதுவான ஆட்டமுறைக்கான பழியை ஒரு தனி மனிதர் வாரக்கணக்கில் பத்திரிகைகளில் சுமக்க நேர்ந்ததுதான் இங்கே நடந்த அநீதி.

நவம்பர் 18 அன்று எடின்பரோவின் இன்வர்லீத் மைதானத்தில், உறைந்து கெட்டியான தரையில், ஸ்காட்லாந்தைக் கடைசி நிமிடங்களில் முந்தி 12–7 என்று வென்றார்கள். காலில் பட்ட காயத்தால் கேலஹர் அடுத்த வாரம் தாம் பிறந்த நாடான அயர்லாந்துக்கு எதிரான டெஸ்டில் ஆட முடியவில்லை. ஸ்டெட் தலைமையில் அணி 15–0 என்று வென்றது. டிசம்பர் 2 அன்று லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் 15–0 என்று தோற்றது. மேலும் மூன்று ஆட்டங்களையும் வென்று, வேல்ஸைச் சந்திக்கும் முன் 27 ஆட்டங்கள், 27 வெற்றிகள். எடுத்த புள்ளிகள் 801, விட்டுக்கொடுத்தவை வெறும் 22.

டிசம்பர் 16 அன்று கார்டிஃப் நகரில் வேல்ஸ். மைதானத்தில் சுமார் 47,000 பேர். நியூசிலாந்து அணி ஹாக்கா என்னும் மாவோரி நடனத்தை ஆடி முடித்ததும், வேல்ஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் நாட்டுப் பாடலைத் தொடங்க, கூட்டம் முழுவதும் எழுந்து அதைப் பாடியது. விளையாட்டுப் போட்டிக்கு முன் நாட்டுப் பாடல் பாடும் வழக்கத்தின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். ஆனால் நம் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. அந்த ஆட்டத்தில் வேல்ஸ் தன் எட்டுப் பேர் ஸ்க்ரம்மைக் கைவிட்டு, நியூசிலாந்தைப் போலவே ஏழு பேரை மட்டும் நிறுத்தி, எட்டாமவராகக் கிளிஃப் பிரிட்சர்டை வெளியே உலவ விட்டது. பிரிட்டிஷ் தீவுகளிலேயே ஆட்டத்தை மிக ஆழமாகச் சிந்தித்த அணி, கேலஹரின் அணியிடமிருந்து கற்றுக்கொண்டதையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தியது. ஏமாற்று வேலையை யாரும் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை.

வேல்ஸ் அடித்த ஒரே ‘டிரை’யும், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் பெறும் புள்ளியும், அப்படிப் பிறந்ததுதான். ஹாஃப் பேக் டிக்கி ஓவன் ஒரு பக்கம் ஓடுவதுபோல் பாசாங்கு செய்து எதிரணியை அங்கே இழுத்துவிட்டு, சட்டென்று மறுபக்கம் பிரிட்சர்டுக்குப் பந்தை எறிந்தார். அங்கிருந்து ரீஸ் கேப், அவரிடமிருந்து டெடி மார்கன். மார்கன் மூலையில் தரையைத் தொட்டார். அன்றைய கணக்கில் டிரைக்கு 3 புள்ளிகள். நடுவர் ஜான் டல்லாஸ், ஸ்க்ரம்மில் பந்து இடும் முறைக்காகக் கேலஹரை ஓயாமல் தண்டித்துக்கொண்டிருந்ததால், ஒரு கட்டத்தில் அவர் தம் முன்வரிசையினரிடம் பந்துக்குப் போட்டியிடவே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் வேல்ஸின் எல்லைக்கோட்டை நோக்கி ஓடி விழுந்தார். கோட்டைக் கடந்து பந்தை வைத்ததாகவும், வேல்ஸ் வீரர்கள் தம்மைப் பின்னுக்கு இழுத்துவிட்டதாகவும் அவர் கூறினார். அன்றாட உடையும் ஆணியில்லாத காலணியும் அணிந்திருந்த டல்லாஸ், பின்தங்கி ஓடி வந்து சேர்ந்து, சில அங்குலங்கள் குறைவு என்று தீர்ப்பளித்தார். ஆட்டம் 3–0 என்று முடிந்தது. டீன்ஸ் 1908-இல் தம் 24-ஆம் வயதில் இறக்கும் வரை அது டிரைதான் என்ற நிலையிலிருந்து மாறவே இல்லை.

கேலஹர் என்ன செய்தார் என்பதைத்தான் அவருடைய நேர்மையைக் கேள்வி கேட்பவர்கள் பார்க்க வேண்டும். நடுவரைப் பற்றிக் கேட்ட செய்தியாளர்களிடம், தாம் ஆடிய ஆட்டத்தின் நடுவரைப் பற்றி ஒருபோதும் கருத்துச் சொல்வதில்லை என்று மறுத்துவிட்டு, சிறந்த அணியே வென்றது, அதில் தமக்கு மனநிறைவுதான் என்றார். தம்மை ஊரே தூற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கையில் நல்ல சாக்கு ஒன்று இருந்தும் அதைப் பயன்படுத்தாதவர் அவர்.

அதன் பிறகு ஸ்வான்சியை 4–3 என்று தப்பிப் பிழைத்து வென்றார்கள். 1906 புத்தாண்டு நாளில் பாரிஸில் பிரான்சை 38–8 என்று வென்றார்கள்; பிரான்ஸ் ஆடிய முதல் டெஸ்டே அதுதான். வழியில் வட அமெரிக்காவில் ஆடிய இரண்டையும் சேர்த்து, மொத்தம் 35 ஆட்டங்களில் 34 வெற்றி, 976–59 புள்ளிகள். மார்ச் மாதம் ஆக்லாந்து துறைமுகத்தில் பிரதமர் ரிச்சர்டு செடன் உள்ளிட்ட பெருங்கூட்டம் அவர்களை வரவேற்றது. அத்தோடு கேலஹர் சர்வதேச ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்: நாட்டுக்காக 36 ஆட்டங்கள், அவற்றில் டெஸ்ட் ஆறு.

ஸ்டெட்டோடு சேர்ந்து அதே ஆண்டில், தங்கள் ஆட்டமுறையைப் படங்களோடு விளக்கி 300 பக்கங்களுக்கு மேல் ஒரு நூல் எழுதினார். ரகசியத்தால் வென்றவர்கள் ரகசியத்தை அச்சிட்டு விற்கமாட்டார்கள். 1906 அக்டோபரில் சக ஆட்டக்காரர் ஆர்தர் பிரான்சிஸின் தங்கை எல்லனை மணந்தார். 1908-இல் நோரா என்ற மகள் பிறந்தாள். 1907 முதல் 1914 வரை நாட்டின் தேர்வாளராக இருந்தார். அந்தக் காலத்து 16 டெஸ்டுகளில் நியூசிலாந்து தோற்றது ஒன்றே ஒன்று. வார நாட்களில் இறைச்சிக் கிடங்கு வேலை வழக்கம்போல் தொடர்ந்தது.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். கேலஹர் படையில் பதிவு செய்துகொண்டது 1916 மே மாதத்தில். பெர்த் நகரில் குடியேறி ஆஸ்திரேலியப் படையில் இருந்த தம்பி டக்ளஸ், பிரான்சில் லவான்டி என்ற இடத்தில் கொல்லப்பட்டது 1916 ஜூன் 3 அன்று. பதிவு முந்தியது, சாவு பிந்தியது. பயிற்சிக்கு அழைப்பு வரக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி அவருக்கு எட்டியது. நியூசிலாந்தில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் அப்போது வந்திருக்கவும் இல்லை. 42 வயது, மனைவி, ஏழு வயது மகள், ஏற்கெனவே ஒரு போரில் பணியாற்றிய வரலாறு; வீட்டிலேயே இருந்திருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். பழைய படைவீரருக்குரிய கடமை உணர்வும், தாம் தேர்ந்தெடுத்த இளைஞர்கள் போகும்போது தாம் பின்தங்கக்கூடாது என்ற எண்ணமுமே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பழிவாங்கல் கதை கேட்க உருக்கமாக இருக்கலாம். ஆனால் அது அவர் நிதானமாக எடுத்த ஒரு முடிவை ஆத்திரத்தின் விளைவாக மாற்றிவிடுகிறது.

1917 பிப்ரவரியில் ‘அபரிமா’ கப்பலில் புறப்பட்டு, ஆக்லாந்துப் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாலியனில் சார்ஜண்டாக பெல்ஜியப் போர்முனைக்கு வந்தார். அக்டோபர் 4 அன்று விடியற்காலையில் நியூசிலாந்துப் படை கிராவன்ஸ்டாஃபல் மேட்டின்மீது தாக்குதல் தொடங்கியது. தாக்குதல் வெற்றி பெற்றது. ஆனால் அந்த ஒரே நாளில் 320-க்கு மேற்பட்ட நியூசிலாந்து வீரர்கள் இறந்தார்கள். கேலஹரின் இரும்புத் தொப்பியைத் துளைத்துக்கொண்டு குண்டுச் சிதறல் ஒன்று முகத்தில் பாய்ந்தது. ஆஸ்திரேலியப் படையின் மருத்துவ முகாமுக்குத் தூக்கிச் சென்றார்கள், அங்கேயே இறந்தார். இன்னும் 26 நாட்களில் அவருக்கு 44 வயது நிறைந்திருக்கும். அடுத்த ஏப்ரலில் மற்றொரு தம்பி ஹென்றியும் போரில் மாண்டார். ஒரே வீட்டிலிருந்து மூவர்.

ஆக்லாந்தின் கழகங்களுக்கான கேடயத்துக்கு 1922-இலும், நியூசிலாந்தும் பிரான்சும் மோதும் கோப்பைக்கு 2000-த்திலும் அவர் பெயர் சூட்டப்பட்டது. டோனிகாலில் லெட்டர்கென்னி கழகத்தின் மைதானமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2011 முதல் ஈடன் பார்க் மைதானத்தின் வெளியே வெண்கலச் சிலையாக நிற்கிறார்.

உடல் இருப்பது பெல்ஜியத்தின் பொப்பரிங்க அருகே, நைன் எல்ம்ஸ் படைவீரர் கல்லறையில். ஐரோப்பாவுக்கு வரும் ஆல் பிளாக்ஸ் ஆட்டக்காரர்கள் அங்கே போய் வணங்கி வருவதுண்டு. நியூசிலாந்துப் படைவீரர் எல்லோருக்கும் பொறிப்பதைப் போல அவருடைய கல்லிலும் பெரணி இலை பொறிக்கப்பட்டிருக்கிறது. 1905-இல் அவர் நெஞ்சில் அணிந்திருந்ததும் அதே இலைதான். இலைக்குக் கீழே எண்ணும் பதவியும் பெயரும் நாளும் இருக்கின்றன. வயது மட்டும் தவறு. 1901-இல் குதிரைப்படையில் சேர அவர் குறைத்துச் சொன்ன கணக்கே படைப் பதிவேடுகளில் தொடர்ந்து வந்து, உண்மை வயதைவிடக் குறைவாக அந்தக் கல்லில் நிற்கிறது.